வீட்டு மின்வாகன சார்ஜர் அளவுக்கு மீறிச் சூடாகிறது: குறை சார்ஜரிலா, வயரிங்கிலா?

திருநகர் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரை திருநகரில், முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய தனி வீட்டில் வசிக்கிறோம். காருடன் கொடுத்த 3.3 கிலோவாட் கையடக்க சார்ஜரை, போர்டிகோவின் மேற்குப் பார்த்த சுவரில் உள்ள பதினாறு ஆம்பியர் பிளக் பாயிண்டில் செருகி, இரவில் சார்ஜ் செய்துவருகிறோம். குளிர்காலம் முழுவதும் ஒரு தொந்தரவும் இல்லை. சித்திரைத் திருவிழா முடிந்து கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து, சார்ஜ் ஏற ஆரம்பித்து ஒன்றரை மணி நேரத்துக்குள் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. அப்போது பிளக்கைத் தொட்டால் விரலை வைத்திருக்க முடியாத சூடு. சாக்கெட்டின் வலது பக்கத் துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறது, மெல்லிய கருகல் வாடையும் உண்டு. மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழ வேண்டிய இருபது ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் ஒரு முறைகூட விழவில்லை.

சர்வீஸ் மையத்தில் காட்டியபோது, சார்ஜரின் கட்டுப்பாட்டுப் பெட்டி கெட்டுவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்றார்கள். விலை சிறிதல்ல. அதே பாயிண்டில் பல ஆண்டுகள் கீசர் ஓடியது, அப்போது இப்படி ஆனதில்லை என்பதால் வயரிங்கைச் சந்தேகிக்கவும் மனம் வரவில்லை. எங்கிருந்து சோதிக்கத் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

வைகை வடகரை எழுதியது:

எங்கள் வீட்டிலும் போன கோடையில் இப்படித்தான் இருந்தது. பிளக் அருகே ஒரு டேபிள் ஃபேனை வைத்த பிறகு சார்ஜ் நிற்காமல் ஏறியது. மேற்குச் சுவர் பகல் முழுவதும் வெயிலை வாங்கி இரவு பத்து மணி வரை அனலடிக்கும். சுவரின் சூட்டைக் குறைத்தாலே போதும் என்பது என் எண்ணம். இருபது ஆம்பியர் எம்.சி.பி.யை முப்பத்திரண்டாக மாற்றினால் வயருக்குத் திணறல் இருக்காது என்றும் கடைக்காரர் ஒருவர் சொன்னார்.

பழங்காநத்தம் வயர்மேன் எழுதியது:

திருநகர் ஐயா, முதலில் ஒன்றைச் செய்யுங்கள். பழுப்பேறிய அந்த சாக்கெட்டில் இனி சார்ஜரைச் செருகாதீர்கள். பிளாஸ்டிக் நிறம் மாறிவிட்டதென்றால் உள்ளே இருக்கும் பித்தளைக் கவ்விகளின் விறைப்பும் போயிருக்கும். விறைப்புப் போன கவ்வி முன்னைவிட லேசாகப் பிடிக்கும், லேசாகப் பிடித்தால் இன்னும் சூடாகும். இது தானாகச் சரியாகாது, நாளுக்கு நாள் கூடிக்கொண்டேதான் போகும்.

வடகரை நண்பர் மனம் வருந்தக் கூடாது. ஃபேன் வைத்தபோது சார்ஜ் ஏறியதற்குக் காரணம், பிளக்கின் உள்ளே இருக்கும் வெப்ப உணரி குளிர்ந்ததுதான். பல தயாரிப்புகளில் அந்த உணரி பிளக்கிலேயே இருக்கிறது. சுவருக்குள், காற்று படாத பெட்டியில் இருக்கும் திருகும் வயர் முனையும் அப்போதும் வெந்துகொண்டேதான் இருந்திருக்கும். எச்சரிக்க வேண்டிய உறுப்பை மட்டும் குளிரவைத்துவிட்டால் ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். எம்.சி.பி.யை முப்பத்திரண்டாக மாற்றுவது அதைவிடக் கெடுதல். எம்.சி.பி. இருப்பது வயரைக் காப்பாற்ற. 2.5 சதுர மி.மீ. வயருக்கு முப்பத்திரண்டு ஆம்பியர் எம்.சி.பி. போட்டால், வயர் உருகும் வரை அது விழாமல் நிற்கும். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்.

எம்.சி.பி. ஒரு முறைகூட விழவில்லை என்று ஐயா எழுதியிருக்கிறார். இந்த சார்ஜர் இழுப்பது ஏறத்தாழ பதினான்கு ஆம்பியர். இணைப்பு தளர்ந்திருந்தாலும் மின்னோட்டம் அதே பதினான்குதான், கூடவில்லை. ஆகவே இருபது ஆம்பியர் எம்.சி.பி.க்கு அதில் ஒரு குறையும் தெரியாது. ஆர்.சி.சி.பி. மின்கசிவை மட்டுமே பார்க்கும், அதற்கும் தெரியாது. தளர்ந்த இணைப்பில் எழும் சூட்டை நம் டி.பி. எனும் மின்பகிர்வுப் பெட்டியில் உள்ள எந்தக் கருவியும் பார்ப்பதில்லை. அதைப் பார்த்தது உங்கள் சார்ஜரின் உணரி ஒன்றுதான். அது கெட்டுவிட்டது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன், அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

சோழவந்தான் ஆசிரியர் எழுதியது:

பாலிடெக்னிக்கில் மின்னியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வயர்மேன் தம்பி சொன்னதற்குக் கணக்கு ரீதியான விளக்கத்தைச் சேர்க்க விரும்புகிறேன்.

இணைப்பில் எழும் வெப்பம், மின்னோட்டத்தின் இருபடியை மின்தடையால் பெருக்கினால் கிடைப்பது. ஒரு திருகு தளர்ந்து அங்கே 0.1 ஓம் மின்தடை உண்டாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதினான்கு ஆம்பியர் ஓடும்போது அந்த இடத்தில் மட்டும் ஏறத்தாழ 20 வாட் வெப்பம் எழுகிறது. சிறு வேலைகளுக்குப் பயன்படும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அப்படியொன்றைச் சுவிட்ச் பெட்டிக்குள் இரவு முழுவதும் எரியவிட்டது போன்ற நிலை இது. பதினெட்டு மீட்டர் நீளமுள்ள 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில், போக வரச் சேர்த்து ஏறத்தாழ 50 வாட் வெப்பம் எழும். ஆனால் அது முழு நீளத்திலும் பரவிவிடுவதால் வயரைத் தொட்டால் இளஞ்சூடு மட்டுமே தெரியும். எத்தனை வாட் என்பதோடு எத்தனை சிறிய இடத்தில் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கீசர் ஓடிய பாயிண்ட் என்று சொன்னீர்கள். 2 கிலோவாட் கீசர் ஒன்பது ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும், தண்ணீர் போதிய அளவு சூடானதும் தெர்மோஸ்டாட் துண்டித்துவிடும். பதினான்கு ஆம்பியரில் எழும் வெப்பம் அதைப்போல் இரண்டரை மடங்கு. 30 கிலோவாட்-மணி பேட்டரியை 3.3 கிலோவாட்டில் நிரப்ப ஒன்பது, பத்து மணி நேரம் இடைவிடாமல் அந்த மின்னோட்டம் ஓட வேண்டும். வீட்டில் இவ்வளவு நேரம் ஓய்வின்றிச் சுமையேற்றும் பொருள் வேறு எதுவும் இல்லை. எனவே கீசர் தாங்கியது என்பதை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

கோடையின் பங்கும் உண்மையானதே. சாதாரண பி.வி.சி. உறை தாங்கக்கூடிய வெப்பநிலை 70 பாகை. சுற்றுப்புறம் 30 பாகையாக இருக்கும்போது வயர் தாங்கும் மின்னோட்டத்தை நூறு என்று கொண்டால், 40 பாகையில் அது 87 ஆகவும், 50 பாகையில் 71 ஆகவும் இறங்கிவிடுகிறது. மேற்குச் சுவருக்குள் பதித்த குழாயில் மாலை ஏழு மணிக்கு 40 பாகைக்கு மேல் இருப்பது மதுரையில் புதிதல்ல. குளிர்காலத்தில் ஒளிந்திருந்த குறையைக் கத்திரி வெயில் வெளியே கொண்டுவந்திருக்கிறது.

வயரிங்கைச் சரிசெய்யும் வரை காரின் திரையிலோ சார்ஜரிலோ மின்னோட்டத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பதினான்கைப் பத்தாகக் குறைத்தால், ஒவ்வோர் இணைப்பிலும் எழும் வெப்பம் பாதியாகிவிடும். அதையும் பழுப்பேறாத வேறொரு நல்ல பாயிண்டில்தான் செய்ய வேண்டும்.

பழங்காநத்தம் வயர்மேன் எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. சூடு எங்கே என்று கண்டுபிடிக்கும் முறையைச் சொல்கிறேன்.

அரை மணி நேரம் சார்ஜ் ஏறிய பிறகு நான்கு இடங்களைப் பாருங்கள்: சுவர் சாக்கெட்டின் முகம், வயரின் நடுவில் தொங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, காரில் செருகும் கன், டி.பி.யில் உள்ள எம்.சி.பி. நடுப் பெட்டி மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றுவதில்லை, அந்த வேலை காருக்குள் இருக்கும் சார்ஜரில் நடக்கிறது. பெட்டிக்குள் இருப்பது ரிலேவும் கட்டுப்பாட்டுச் சுற்றும் மட்டுமே என்பதால் அது இளஞ்சூடாக இருந்தால் இயல்பு. பெட்டி கொதித்து, சாக்கெட் குளிர்ந்திருந்தால்தான் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். கன் மட்டும் சூடானால் அதன் பின்களில் கறுப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். பின்னின் மேல் இருப்பது வெள்ளிப் பூச்சு. தேய்த்தால் பூச்சு போய், அடுத்த மாதம் இன்னும் மோசமாகும்.

கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பளபளக்கும் பித்தளை மீதோ திருகின் மீதோ நேரடியாகப் பிடித்தால் அளவு குறைவாகவே காட்டும். 70 பாகையில் இருக்கும் உலோகத்தை 40 என்று காட்டிவிட்டால் நாம் ஏமாந்துபோவோம். மெயினை அணைத்திருக்கும்போது உலோகத்தின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சிறிது ஒட்டிவைத்து, பிறகு அந்த டேப்பைக் குறிபார்த்து அளக்க வேண்டும். மூடியைத் திறந்து மின்சாரம் இருக்கும்போதே அளப்பது உரிமம் பெற்ற பணியாளரின் வேலை, வீட்டில் உள்ளவர்கள் செய்யக் கூடாது.

பணியாளர் வந்ததும் மின்னழுத்த வீழ்ச்சியை அளக்கச் சொல்லுங்கள். சார்ஜ் ஏறும்போதே டி.பி.யில் ஓர் அளவு, பாயிண்டில் ஓர் அளவு. வயரின் நீளமும் தடிமனும் தெரிந்தால் எவ்வளவு குறைய வேண்டும் என்று கணக்கிடலாம். அதற்கு மேல் குறைந்தது எல்லாம் இணைப்புகளில் தொலைந்தது.

மேலூர்க்காரர் எழுதியது:

எங்கள் ஊர்ப்பக்கம் பாறை நிலம். கோடையில் எர்த் குழி வறண்டு, சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயர் போட்டால் வேலை செய்கிறது என்று ஒருவர் காட்டிக்கொடுத்தார். திருநகர் ஐயாவுக்கும் காரணம் இதுவாக இருக்குமா?

சோழவந்தான் ஆசிரியர் எழுதியது:

மேலூர் அன்பரே, அந்தத் துண்டு வயரை இன்றே கழற்றிவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு வரும் நியூட்ரல் எங்காவது அறுந்தால், மின்சாரம் அந்த வயர் வழியாகக் காரின் உடலுக்கு வந்துவிடும். ஈரத் தரையில் நின்று கதவைத் தொடும் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. எர்த் குழியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அதுவும் போதவில்லையென்றால் ஆழமாக இன்னொரு மின்முனை அடித்து இரண்டையும் இணைக்க வேண்டும். எர்த் குறை சார்ஜரைத் தொடக்கத்திலேயே நிறுத்தும், பிளக்கைச் சூடாக்காது. திருநகர் நண்பருக்கு ஒன்றரை மணி நேரம் ஏறிய பிறகே நிற்கிறது, அது வேறு நோய்.

வில்லாபுரம் அம்மா எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்களிடம் இருப்பது மின்ஸ்கூட்டர். அதன் சார்ஜரே சூடாகிறது, பிளக் குளிர்ந்துதான் இருக்கிறது. மாடிப்படிக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பெட்டி வைத்து ஏற்றுகிறோம். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருப்பதால் பயமாக இருக்கிறது.

பழங்காநத்தம் வயர்மேன் எழுதியது:

அம்மா, பெட்டி போன்ற தனி சார்ஜருடன் வரும் ஸ்கூட்டரில் கணக்கு நேர்மாறானது. மாறுமின்னோட்டத்தை நேராக மாற்றும் வேலை அந்தப் பெட்டிக்குள்ளேயே நடப்பதால் அது சூடாவது எதிர்பார்க்கத்தக்கதே. 750 வாட் சார்ஜர் சுவரிலிருந்து எடுப்பது மூன்றரை ஆம்பியருக்கும் குறைவு, ஆகவே பிளக் குளிர்ந்திருக்கிறது. பெட்டியைத் துணி, மெத்தை, அட்டைப்பெட்டி மேல் வைக்காமல் காற்றோட்டமான வெறுந்தரையில் வையுங்கள். வெயிலில் ஓட்டி வந்த உடனே ஏற்றாமல் பேட்டரி ஆறிய பிறகு ஏற்றுங்கள். மாடிப்படிக்கு அடி வேண்டாம், அங்கே தீப்பிடித்தால் மேலே இருப்பவர்கள் இறங்கும் வழியே அடைபட்டுவிடும். எக்ஸ்டென்ஷனைச் சுருட்டி வைத்தபடி பயன்படுத்தாதீர்கள், சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை.

திருநகர் வாசி எழுதியது:

சோதனை முடிவுகளுடன் வருகிறேன். உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை வரவழைத்து, நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்க்கச் சொன்னேன். நடுப் பெட்டி இளஞ்சூடு, கன்னில் சூடே இல்லை. சாக்கெட் முகத்தில் டேப் ஒட்டி அளந்தபோது 71 பாகை. மெயினை அணைத்துக் கழற்றியபோது, பேஸ் வயர் திருகின் கீழ் அசைந்தது. வயரின் சிவப்பு உறை முனையிலிருந்து இரண்டு விரற்கடை நீளத்துக்குக் கறுத்து, நகத்தால் தட்டினால் உதிரும் அளவுக்கு இறுகியிருந்தது. பெட்டிக்குள் எறும்புப் புற்று மண்ணும் இருந்தது.

கறுத்த முனையை வெட்டியெறிந்துவிட்டு, நல்ல வயரில் புதிய சாக்கெட்டைப் பொருத்திய பிறகு பிளக்கின் சூடு நன்றாகக் குறைந்தது. ஆனால் மின்னழுத்த வீழ்ச்சி என்னைக் குழப்புகிறது. சாக்கெட் மாற்றுவதற்கு முன், சார்ஜ் ஏறும்போது டி.பி.யில் 223 வோல்ட்டும் பாயிண்டில் 214 வோல்ட்டும் இருந்தன. மாற்றிய பிறகும் பாயிண்டில் 215 தான். வயர் 2.5 சதுர மி.மீ., நீளம் ஏறத்தாழ பதினெட்டு மீட்டர். இது சரியான அளவா?

சோழவந்தான் ஆசிரியர் எழுதியது:

சரியல்ல. அந்த வயரின் மின்தடை கிலோமீட்டருக்கு 7.4 ஓம் அளவில் இருக்கும். போக வர முப்பத்தாறு மீட்டருக்கு 0.27 ஓம். பதினான்கு ஆம்பியரில் 4 வோல்ட்டுக்குள்தான் குறைய வேண்டும். உங்களுக்கு 8 வோல்ட் குறைகிறது. மிச்சமுள்ள 4 வோல்ட்டைப் பதினான்கால் பெருக்கிப் பாருங்கள், 56 வாட். டி.பி.க்கும் போர்டிகோவுக்கும் நடுவே, சுவரிலோ கூரையிலோ ஓர் இடத்தில் அந்த வெப்பம் எழுந்துகொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வரை அந்த லைனில் சார்ஜ் ஏற்றாதீர்கள். பழைய வீடுகளில் வயர் ஒரே துண்டாக வராது. எங்காவது ஜங்ஷன் பெட்டியில் முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். பேஸ் வயரை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். நியூட்ரலிலும் அதே பதினான்கு ஆம்பியர்தான் திரும்பி வருகிறது.

பழங்காநத்தம் வயர்மேன் எழுதியது:

இன்னொன்றையும் கவனியுங்கள். சார்ஜ் தொடங்கும் நொடியில் வீட்டு விளக்குகள் சிறிது மங்கினால் லைனில் மின்தடை இருக்கிறது என்று பொருள். மும்முனை இணைப்புள்ள வீட்டில் வேறு முனையில் உள்ள விளக்குகள் பிரகாசம் கூடினால், மெயின் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. அந்த நிலையில் டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் எரிந்துபோகும். உடனே மெயினை அணைத்துவிட வேண்டும். தளர்வு மீட்டருக்கு முன்னால், சீல் வைத்த கட்-அவுட்டிலோ கம்பத்திலோ இருந்தால் நாம் கைவைக்கக் கூடாது, மின்வாரிய ஊழியரைத்தான் அழைக்க வேண்டும்.

திருநகர் வாசி எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னது அப்படியே நடந்தது. போர்டிகோ லிண்டலுக்கு மேல், பெயிண்ட் அடித்து மறைந்துபோன ஒரு வட்ட ஜங்ஷன் பெட்டி இருந்தது. மூடியைத் திறந்ததும் அந்தக் கருகல் வாடை. பேஸ் வயர் அறுபடாமல் நேராகச் சென்றது. கறுப்பு நியூட்ரல் வயரைத்தான் இரண்டு சுற்று முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் உருகிக் கொழகொழவென்று வழிந்து, முறுக்கின் செம்பு ஊதா கலந்த கறுப்பு நிறத்துக்கு மாறியிருந்தது. பெட்டியின் உட்பக்கச் சுண்ணாம்புப் பூச்சு வறுபட்டுப் பொரிந்திருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி மரச் சட்டம் ஓடுகிறது என்பதைப் பார்த்தபோது வீட்டில் எல்லோருக்கும் நடுக்கமாகிவிட்டது.

பழைய லைனை விளக்குக்கு மட்டும் விட்டுவிட்டு, டி.பி.யிலிருந்து சார்ஜருக்கென்றே தனி லைன் இழுத்தோம். டவுன்ஹால் ரோட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 6 சதுர மி.மீ. செம்பு வயர் வாங்கி, நடுவில் ஓர் இணைப்பும் இல்லாமல் இருபது மீட்டரையும் ஒரே துண்டாக, சுவருக்கு வெளியே குழாயில் கொண்டுவந்தார்கள். மேற்குச் சுவரைத் தவிர்த்து, நிழலான வடக்குச் சுவரில் நல்ல தரமான பதினாறு ஆம்பியர் சாக்கெட். தனி இருபது ஆம்பியர் எம்.சி.பி.யும், 30 மில்லிஆம்பியர் ஏ வகை ஆர்.சி.சி.பி.யும் போட்டோம். இப்போது வீழ்ச்சி 2 வோல்ட்டுக்கும் குறைவு. மூன்று மணி நேரம் ஏறிய பிறகு சாக்கெட் முகத்தில் 47 பாகை, அப்போது போர்டிகோவில் 35. சிவப்பு விளக்கு வரவே இல்லை. பழைய சார்ஜரேதான், புதிது வாங்கவில்லை.

ஒத்தக்கடை அன்பர் எழுதியது:

ஐயா, எங்களிடம் இருப்பது சுவரில் பதித்த 7.2 கிலோவாட் சார்ஜர். சாக்கெட்டே கிடையாது, வயர் நேராகப் பெட்டிக்குள் போகிறது. பிற்பகலில் சோலாரிலிருந்து ஏற்றும்போது 32 ஆம்பியரில் தொடங்கி, சிறிது நேரத்தில் தானாகவே பாதியாகக் குறைந்துவிடுகிறது. பெட்டி தகரக் கூரைக்குக் கீழே, வெயில்படும் தூணில் இருக்கிறது. லைன் முப்பது மீட்டர், 6 சதுர மி.மீ.

பழங்காநத்தம் வயர்மேன் எழுதியது:

பெட்டிக்குள் உள்ள வெப்ப உணரி, எவ்வளவு மின்னோட்டம் எடுக்கலாம் என்று காருக்குச் சொல்லும் சமிக்ஞையைக் குறைத்துவிடுகிறது. கார் அதற்குக் கட்டுப்படுகிறது. முதலில் பெட்டியை நிழலுக்கு மாற்றுங்கள். தகரக் கூரைக்குக் கீழ் மதியக் காற்றே அனலாக இருக்கும்போது, கறுப்புப் பெட்டி மேல் வெயிலும் விழுந்தால் எந்தத் தயாரிப்பும் தாங்காது. அழகுக்காக மர அலமாரிக்குள் அடைத்துவிடவும் வேண்டாம்.

நிழலுக்கு மாற்றியும் குறைகிறது என்றால் உள்ளே வயர் நுழையும் முனைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். 16 ஆம்பியரில் எழுவதைப்போல் நான்கு மடங்கு வெப்பம் 32 ஆம்பியரில் எழும் என்பதால், இங்கே சிறு தளர்வுகூடப் பெரிதாகிவிடும். நுண்ணிழை வயரை அப்படியே திருகின் கீழ் முறுக்கி வைத்தால், சில மாதங்களில் இழைகள் படிந்து தளர்ந்துவிடும். குழல் முனை போட்டு நசுக்கிப் பிறகு திருக வேண்டும், கையேட்டில் கொடுத்த முறுக்கு விசை அளவுக்கு, அதை அளந்து இறுக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் இறுக்க வேண்டும். முப்பது மீட்டருக்கு 6 சதுர மி.மீ. வயரில் 6 வோல்ட் அளவுக்கு வீழ்ச்சி இருக்கும். ஓடத்தான் செய்யும், ஆனால் புதிதாக இழுப்பவர்களுக்கு 10 சதுர மி.மீ. போடச் சொல்வேன். அதுவரை சார்ஜரின் அமைப்பில் 32 என்பதை 24 ஆக மாற்றுங்கள், வெப்பம் பாதியைவிடச் சற்றே அதிகமான அளவுக்கு இறங்கிவிடும். மின்வாரியத்தில் பதிவான உங்கள் வீட்டுச் சுமை எவ்வளவு என்று மின்கட்டண அட்டையில் பாருங்கள். அது 7.2 கிலோவாட்டுக்கும் வீட்டின் பிற சுமைக்கும் போதாது என்றால், உயர்த்தித் தர விண்ணப்பித்து அது கிடைக்கும் வரை 24 லேயே வைத்திருங்கள்.